20 டெஸ்லா காந்தம் வந்த பிறகு அணுக்கரு இணைவில் என்ன மாறியிருக்கிறது?

கேட்கப்பட்ட கேள்வி இது: "2021-ல் அமெரிக்காவில் 20 டெஸ்லா மீகடத்திக் காந்தம் செய்துவிட்டார்கள், இனி ஃப்யூஷன் மின்சாரம் பக்கத்தில் வந்துவிட்டது என்கிறார்கள். ஒரு காந்தத்தில் அப்படி என்ன இருக்கிறது? அப்படியானால் பிரான்சில் கட்டிக்கொண்டிருக்கும் ஐடெர் வீணா? இந்தியாவில் இதில் ஏதாவது நடக்கிறதா?"

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காந்தம் நிஜமாகவே பெரிய விஷயம்தான். ஆனால் எல்லோரும் பிடித்துக்கொள்ளும் அந்த 20 டெஸ்லா (டெஸ்லா காந்தப்புலத்தின் அலகு) என்ற எண்ணைவிட, அது 20 கெல்வினில், அதாவது மைனஸ் 253 டிகிரி செல்சியஸில், வேலை செய்தது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஐடெர், அதாவது பல நாடுகள் சேர்ந்து கட்டும் அந்த ஆய்வு இணைவு இயந்திரம், வீண் இல்லை. மின்சாரம் எப்போது வரும் என்பதைக் காந்தம் மட்டும் முடிவு செய்யப் போவதும் இல்லை. இனி விரிவாகச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

ஹைட்ரஜனின் கனமான வகைகளான டியூட்டீரியமும் டிரிடியமும் இணைய வேண்டுமானால், அவை கலந்த பிளாஸ்மாவை (மின்னூட்டம் பெற்ற வாயுவை) பத்துப் பதினைந்து கோடி டிகிரி வரை சூடாக்க வேண்டும். அந்தச் சூட்டை எந்தப் பாத்திரமும் தாங்காது என்று பலரும் எழுதுவார்கள். அது உண்மைதான், ஆனாலும் அசல் சிக்கல் வேறு. பிளாஸ்மா மிக மெல்லியது, சுவரில் பட்டால் சுவர் உருகுவதற்கு முன்பே பிளாஸ்மா குளிர்ந்து அணைந்துவிடும். அதனால் அதைச் சுவரில் படாமல் தொங்கவிட வேண்டும். மின்னூட்டம் கொண்ட துகள்கள் காந்தக் கோடுகளைச் சுற்றிச் சுற்றித்தான் போகும், குறுக்கே சுலபமாகத் தாண்டாது. அந்தக் கோடுகளை வளையமாக மூடிவிட்டால் துகள்கள் உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். டோகமாக் என்பது இந்த வளையம்தான், பெரிய மெதுவடை வடிவத்தில்.

இங்கே ஒரு கணக்கு வருகிறது. முழு விஷயமும் இதில்தான் நிற்கிறது, அதனால் பொறுமையாகப் படியுங்கள். காந்தப்புலம் பிளாஸ்மாவை வெளியிலிருந்து அழுத்துகிறது, அந்த அழுத்தம் புலத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். பிளாஸ்மா தன் அழுத்தத்தை அந்தக் காந்த அழுத்தத்தின் சில சதவீதத்துக்கு மேல் கொண்டுபோனால் நிலைகுலைந்துவிடும். இணைவில் கிடைக்கும் ஆற்றலோ பிளாஸ்மா அழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப வருகிறது. இரண்டையும் சேர்த்தால், ஒரு கன மீட்டரில் கிடைக்கும் ஆற்றல் காந்தப்புலத்தின் நான்மடிக்கு ஏற்ப உயர்கிறது. புலத்தை இரண்டு மடங்காக்கினால் ஆற்றல் பதினாறு மடங்கு. வேறு எந்த அளவை மாற்றினாலும் இவ்வளவு லாபம் கிடைக்காது.

இது 1970-களிலேயே எல்லோருக்கும் தெரியும். அப்புறம் ஏன் யாரும் பலமான காந்தத்தைப் போடவில்லை? போட்டார்கள், செம்பில் போட்டார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் இருக்கும் எம்.ஐ.டி.யில் (குரோம்பேட்டை எம்.ஐ.டி. அல்ல) அல்கேட்டர் சி-மோட் என்றொரு சிறிய டோகமாக் இருந்தது. செம்புச் சுருள்கள்தான், ஆனால் 8 டெஸ்லா வரை போகும். திரவ நைட்ரஜனில் குளிர வைத்து, ஒரு பெரிய சுழற்சக்கரத்தில் சேர்த்து வைத்த ஆற்றலை ஒரே மூச்சில் கொட்டி, இரண்டு விநாடி ஓட்டுவார்கள். பிறகு சுருள் குளிரும்வரை கால் மணி நேரம் போலக் காத்திருப்பார்கள். 2016-ல் மூடும் முன் கடைசி நாளில் பிளாஸ்மா அழுத்தம் 2.05 வளிமண்டலத்தைத் தொட்டது, அன்றைக்கு அது உலகச் சாதனை. இங்கிலாந்தின் ஜெட் டோகமாக்கிலும் இதே கதைதான். தேசிய மின்கட்டமைப்பிலிருந்து எடுப்பது போதாமல், ஒவ்வொன்றும் 775 டன் எடையுள்ள இரண்டு சுழற்சக்கரங்களை வைத்துத்தான் அதை ஓட்டினார்கள். செம்புக்கு மின்தடை இருக்கிறது, காந்தத்தில் போடும் மின்சாரம் எல்லாம் சூடாக வீணாகிறது. ஆய்வுக்கு இது போதும். மின்சாரம் தயாரிக்க வந்த இயந்திரம் தயாரிப்பதைவிட அதிகமாகத் தானே தின்றால் அதை வைத்து என்ன செய்வது? அதனால் மீகடத்தி, அதாவது மிகக் குளிரில் மின்தடையே இல்லாமல் போகும் பொருள், இல்லாமல் இந்த வகை மின்நிலையம் கிடையாது. துறைக்குள் பெரும்பாலோர் கருத்து இதுதான்.

மீகடத்திக்கும் ஒரு பழைய ஏமாற்றம் உண்டு. 1911-ல் லைடனில் காமர்லிங் ஓனஸ் 4.2 கெல்வினில் பாதரசத்தின் மின்தடை காணாமல் போவதைக் கண்டுபிடித்தார். மின்தடையே இல்லாத கம்பியில் சுருள் சுற்றினால் 10 டெஸ்லா காந்தம் செய்துவிடலாம் என்று இரண்டே வருடத்தில் கணக்குப் போட்டார். ஈயத்தில் சுற்றிப் பார்த்தால், காந்தப்புலம் சில நூறு காஸ் வந்ததுமே மீகடத்துத்திறன் செத்துவிட்டது. ஒரு டெஸ்லா என்பது 10,000 காஸ். அதாவது மீகடத்தி, தான் உண்டாக்கிய காந்தப்புலத்தாலேயே அழிகிறது. இதற்கு வழி பிறக்க ஐம்பது ஆண்டுகள் ஆயின. 1961-ல் பெல் ஆய்வகத்தில் குன்ஸ்லர் குழு நியோபியம்-டின் என்ற சேர்மம் 8.8 டெஸ்லாவிலும் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு லட்சம் ஆம்பியர் அளவில் மின்னோட்டத்தைத் தாங்குவதைக் காட்டியது. அதை ஒட்டியே நியோபியம்-டைட்டானியமும் வந்தது. இன்று மருத்துவமனை எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் நீங்கள் படுக்கும் அந்தக் குழாயைச் சுற்றி இருப்பது பெரும்பாலும் இந்த நியோபியம்-டைட்டானியம் கம்பிதான், திரவ ஹீலியத்தில் மூழ்கியபடி.

இந்த இரண்டு பொருட்களை வைத்துத்தான் அடுத்த அரை நூற்றாண்டு ஓடியது. 1970-களின் இறுதியில் மாஸ்கோவின் டி-7, பிறகு பிரான்சின் டோர் சுப்ரா, சீனாவின் ஹெஃபேயில் ஈஸ்ட், தென்கொரியாவில் கேஸ்டார், ஜெர்மனியில் வென்டல்ஸ்டைன், ஜப்பானில் ஜேடி-60 எஸ்.ஏ. என்று மீகடத்திச் சுருள் போட்ட இணைவு இயந்திரங்கள் வரிசையாக வந்தன. 2025 ஜனவரியில் ஈஸ்ட் பிளாஸ்மாவை 1,066 விநாடி தாங்கியது. அடுத்த மாதமே டோர் சுப்ராவின் மறுபிறவியான வெஸ்ட் 1,337 விநாடி தாங்கியது. செம்புச் சுருளால் இதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

இந்தப் பழைய தொழில்நுட்பம் எட்டிய உச்சம் ஐடெர். நியோபியம்-டின்னில் 18 சுருள்கள், ஒவ்வொன்றும் 17 மீட்டர் உயரம், 300 டன்னுக்கு மேல் எடை, 68,000 ஆம்பியர், சுருளின் மேல் உச்சப்புலம் 11.8 டெஸ்லா. இதற்காக மட்டும் நியோபியம்-டின் இழை ஒரு லட்சம் கிலோமீட்டர் தேவைப்பட்டது. ஐடெருக்கு முன் உலகம் முழுவதும் சேர்த்து ஆண்டுக்குப் பதினைந்து டன் போலத்தான் அந்த இழை தயாரானது, அதை நூறு டன்னுக்குக் கொண்டுபோனார்கள். நியோபியம்-டின் கண்ணாடி மாதிரி நொறுங்கக்கூடியது, மீகடத்தியாக மாறிய பிறகு வளைக்க முடியாது. அதனால் முதலில் சாதாரண உலோகக் கம்பியாகவே சுற்றி, முழுச் சுருளையும் அடுப்பில் வைத்து 650 டிகிரியில் நாள்கணக்கில் வேகவைப்பார்கள். உள்ளே நியோபியமும் வெள்ளீயமும் வினைபுரிந்து சேர்மம் உருவாகும். அதன் பிறகு அந்தச் சுருளைக் குழந்தையைப் போலத்தான் கையாள வேண்டும்.

அவ்வளவு கவனமாக இருந்தும் ஒரு கட்டத்தில் எல்லோரும் பயந்துபோனார்கள். சுவிட்சர்லாந்தின் வில்லிகனில் இருக்கும் சோதனைக் கூடத்தில், ஐடெரின் மையச் சுருளுக்கான கேபிள் துண்டுகளைத் திரும்பத் திரும்ப மின்னேற்றிப் பார்த்தபோது, ஒவ்வொரு சுற்றிலும் அவற்றின் திறன் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே போனது. காந்த விசை தள்ளும்போது உள்ளே இழைகள் வளைகின்றன, நுண்ணிய நூல்கள் உடைகின்றன. அந்தச் சுருளோ பல ஆயிரம் முறை ஏற்றி இறக்கப்பட வேண்டியது. தீர்வு கேட்டால் எளிமையாக இருக்கும்: இழைகளை இன்னும் நெருக்கமாக முறுக்கினார்கள், அதனால் ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்து நின்றன. இதைக் கண்டுபிடித்து நிரூபிக்கச் சில ஆண்டுகள் போயின. காந்தத் துறையில் முன்னேற்றம் பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. செய்தித்தாளில் வராது.

சரி, 11.8 டெஸ்லா போட்டும் ஐடெர் ஏன் அவ்வளவு பெரிது? காந்தப்புலம் சுருளருகே அதிகம், தள்ளிப் போகப் போகக் குறையும். சுருளில் 11.8 என்றால் பிளாஸ்மாவின் நடுவில் 5.3 டெஸ்லாதான். நியோபியம்-டின்னை இதற்கு மேல் பெரிதாகத் தள்ள முடியாது. புலத்தைக் கூட்ட முடியாவிட்டால் அளவைக் கூட்டித்தான் ஆக வேண்டும், அதனால் பிளாஸ்மா மட்டுமே 800 கன மீட்டரைத் தாண்டியது.

இனி அந்தப் புதிய பொருள். 1986-ல் சூரிக்கில் ஐபிஎம் ஆய்வகத்தின் பெட்நோர்ஸும் முல்லரும் ஒரு பீங்கான் வகைப் பொருள் 30 கெல்வினுக்கு மேலேயே மீகடத்துவதைக் கண்டார்கள். அடுத்த ஆண்டு இட்ரியம் பேரியம் காப்பர் ஆக்சைடு 90 கெல்வினைத் தாண்டியது. திரவ நைட்ரஜன் 77 கெல்வின், ஆக அதிலேயே வேலை செய்யும். கல்லூரி ஆய்வகத்தில் தெர்மாகோல் கிண்ணத்தில் நைட்ரஜனை ஊற்றி, அந்தக் கறுப்பு வில்லையின் மேல் ஒரு குட்டிக் காந்தம் மிதப்பதை முதன்முதலாகப் பார்த்தபோது, இனி எல்லாம் மாறிவிடும் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் வில்லை வேறு, கம்பி வேறு. பீங்கானைக் கம்பியாக இழுக்க முடியாது. அதைவிட மோசம், அதிலுள்ள படிகத் துகள்கள் ஒன்றுக்கொன்று சில டிகிரி கோணம் விலகியிருந்தாலே மின்னோட்டம் எல்லையைத் தாண்டாமல் நின்றுவிடும். கிலோமீட்டர் நீளத்துக்கு எல்லாப் படிகங்களும் ஒரே திசை பார்த்து நிற்க வேண்டும்!

இதைச் சாதித்ததுதான் என் பார்வையில் இந்தக் கதையின் நாயகன். அதற்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. தலைமுடியைவிட மெல்லிய, ஐம்பது மைக்ரான் கனமுள்ள உறுதியான நிக்கல் கலப்புலோக நாடாவை எடுத்துக்கொண்டு, அதன் மேல் ஒன்றன்மேல் ஒன்றாகச் சில மிக மெல்லிய ஆக்சைடு அடுக்குகளை ஏற்றுவார்கள். அந்த அடுக்குகளில் ஒன்றை அயனிக் கற்றையால் சாய்வாக அடித்துக்கொண்டே வளர்த்தால் படிகங்கள் ஒரே திசையில் திரும்பி நிற்கும். அதை அச்சாகக் கொண்டு மேலே மீகடத்தி அடுக்கு வளரும், அது ஓரிரு மைக்ரான்தான். அப்புறம் வெள்ளி, அப்புறம் செம்பு. இந்த டேப்பைத்தான் ரெப்கோ டேப் என்கிறார்கள். பொதுவாக 4 மில்லிமீட்டர் அகலம், அதில் மின்சாரத்தை உண்மையில் சுமக்கும் பகுதி மொத்தக் கனத்தில் சில சதவீதம்கூட வராது. கையில் எடுத்தால் சாதாரணச் செம்புப் பட்டை மாதிரி இருக்கும். ஆனால் 20 கெல்வினில், 20 டெஸ்லா புலத்துக்குள்ளும், இந்த ஒரு பட்டை நூறு ஆம்பியருக்கு மேல் சுமக்கும்.

இங்கே பலர் ஒரு தவறு செய்கிறார்கள். "உயர் வெப்பநிலை மீகடத்தி" என்பதால் திரவ நைட்ரஜனில் ஃப்யூஷன் காந்தம் ஓடும் என்று நினைக்கிறார்கள். ஓடாது. 77 கெல்வினில் அது இவ்வளவு பலமான புலத்தைத் தாங்காது. நைட்ரஜனை விட்டுவிட்டு 20 கெல்வினுக்கு இறங்கினால்தான் அதன் முழுத் திறமையும் வெளியே வரும். அப்படியானால் 4 கெல்வினிலிருந்து 20 கெல்வினுக்கு வந்ததில் என்ன லாபம்? இரண்டு லாபங்கள். ஒன்று, குளிர்விக்கும் செலவு. வெப்ப இயக்கவியல் அனுமதிக்கும் மிகச் சிறந்த இயந்திரத்துக்கே, 4.2 கெல்வினிலிருந்து ஒரு வாட் வெப்பத்தை வெளியே தூக்க 70 வாட் வேண்டும், 20 கெல்வினில் 14 வாட் போதும். நடைமுறை இயந்திரங்களில் இரண்டு எண்களும் பல மடங்கு கூடும், ஆனால் விகிதம் கிட்டத்தட்ட அப்படியே நிற்கும்.

இரண்டாவதுதான் எனக்கு மிகப் பிடித்தது, இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. பொருட்களின் வெப்பக் கொள்ளளவு குளிர்நிலையில் அடியோடு விழுந்துவிடும். செம்பை எடுத்துக்கொண்டால் 4 கெல்வினில் இருப்பதைவிட 20 கெல்வினில் ஏறத்தாழ எழுபது எண்பது மடங்கு அதிகம். 4 கெல்வினில் இருக்கும் சுருளில் ஒரு கம்பி ஒரு மயிரிழை நகர்ந்து உரசினால் போதும், அந்த அற்பச் சூட்டிலேயே அந்த இடம் ஓரிரு டிகிரி ஏறி மீகடத்துத்திறனை இழந்துவிடும். 20 கெல்வினில் அதே உரசல் ஒன்றும் செய்யாது. பழைய காந்தக்காரர்கள் வாழ்நாள் முழுவதும் இந்த உரசலோடுதான் போராடினார்கள்.

இப்படி ஒரு இடம் மீகடத்துத்திறனை இழந்து, சூடாகி, அது பரவுவதற்கு 'குவென்ச்' என்று பெயர். காந்தத்தில் சேர்ந்திருக்கும் ஆற்றல் எல்லாம் அந்தச் சூடான இடத்தில் இறங்கப் பார்க்கும். ஐடெரின் 18 சுருள்களிலும் சேர்ந்து 41 கிகாஜூல் இருக்கும், அது பத்து டன் டிஎன்டி வெடிமருந்துக்குச் சமம். 2008 செப்டம்பர் 19 அன்று ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வகத்தின் பெரிய துகள் மோதியில் இரண்டு காந்தங்களுக்கு இடையிலான ஒரே ஒரு இணைப்பில் கோளாறு வந்தது. மின்பொறி வெடித்து, ஆறு டன் ஹீலியம் சுரங்கத்தில் கொட்டி, 53 காந்தங்களை மேலே தூக்கிவந்து சரிபார்க்க வேண்டியதாயிற்று. இயந்திரம் மீண்டும் ஓட ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

ரெப்கோவுக்குக் குவென்ச் சுலபத்தில் வராது. ஆனால் வந்தால் பழையதைவிட ஆபத்து. நியோபியம் கம்பியில் குவென்ச் விநாடிக்குப் பல மீட்டர் வேகத்தில் பரவும், அதனால் மின்னழுத்தம் சட்டென்று ஏறிக் காட்டிக்கொடுக்கும், நாம் மின்னோட்டத்தை வெளியே வடித்துவிடலாம். ரெப்கோவில் அது விநாடிக்குச் சில மில்லிமீட்டர், சில சென்டிமீட்டர் என்றுதான் நகரும். கருவிக்குத் தெரியவரும்போது அந்த ஒரு புள்ளி உருகியே போயிருக்கும். உடம்பெல்லாம் காய்ச்சல் வந்தால் தொட்டதும் தெரிந்துவிடும், உள்ளே ஒரே இடத்தில் சீழ் கோத்தால் தெரியாது, அது மாதிரி.

இதற்கு வந்த மருந்து, கேட்டவுடன் யாரும் நம்பாத ஒன்று. சுருள் என்றால் சுற்றுக்குச் சுற்று இன்சுலேஷன் இருக்க வேண்டும் என்பது மோட்டார் காயில் கட்டுபவருக்குக்கூடத் தெரியும். கொரியாவைச் சேர்ந்த சங்யோங் ஹான் அதை எடுத்துவிடுங்கள் என்றார். 2011 வாக்கில் வந்த யோசனை இது. மீகடத்தும்போது மின்னோட்டம் தடையே இல்லாத டேப் வழியாகத்தான் போகும், பக்கத்துச் சுற்றுக்குத் தாவ அதற்கு அவசியமில்லை. ஒரு புள்ளி கெட்டுப்போனால் மட்டும், சாலையில் பள்ளம் வந்தால் வண்டி பக்கத்துத் தெருவில் திரும்புவது மாதிரி, பக்கத்துச் சுற்றுக்குள் நுழைந்து கடந்துவிடும். 2019-ல் அமெரிக்காவின் டல்லஹாசியில், 31 டெஸ்லா செம்புக் காந்தத்தின் உள்ளே இப்படி ஒரு குட்டி ரெப்கோ சுருளை வைத்து 45.5 டெஸ்லா வரை போய்க் காட்டினார்கள். விலை என்னவென்றால், மின்னேற்றும்போது மின்னோட்டம் பக்கவாட்டில் கசியும், மெதுவாகத்தான் ஏற்ற முடியும். டோகமாக்கின் வளையச் சுருள்களை ஒரு தடவை ஏற்றிவிட்டு அப்படியே வைத்திருப்பதால் அங்கே இது பொருந்தும். நடுவில் நிற்கும் மையச் சுருளை ஒவ்வொரு முறையும் வேகமாக மாற்ற வேண்டும், அங்கே இது ஆகாது. அதற்கு இன்சுலேஷன் போட்ட ரெப்கோ கேபிளைத் தனியாக உருவாக்கியிருக்கிறார்கள். குவென்சை மின்னழுத்தத்தால் கண்டுபிடிக்க முடியாததால், கேபிளோடு கூடவே கண்ணாடி இழையை ஓட்டி, ஒளியில் வரும் மாற்றத்தை வைத்துச் சூட்டைக் கண்டுபிடிக்கும் வழியும் வளர்ந்து வருகிறது.

இவ்வளவும் சேர்ந்த இடம்தான் நீங்கள் கேட்ட 2021 செப்டம்பர் 5. எம்.ஐ.டி.யும் அங்கிருந்து 2018-ல் பிரிந்து பிறந்த காமன்வெல்த் ஃப்யூஷன் சிஸ்டம்ஸ் நிறுவனமும் மூன்று ஆண்டுகளில் கட்டிய காந்தம். எஃகுத் தகட்டில் சுருளாகப் பள்ளம் வெட்டி, அதில் டேப்புகளை அடுக்கடுக்காக வைத்து, ஈயப்பற்று உருக்கி ஊற்றி, இப்படிப் பதினாறு தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். இன்சுலேஷன் கிடையாது. 267 கிலோமீட்டர் டேப், சுமார் பத்து டன் எடை, 40,000 ஆம்பியர், 20 கெல்வின், 20 டெஸ்லா. ரெப்கோ சிறிய சுருள்களில் இதைவிட அதிகப் புலத்தை ஏற்கெனவே தொட்டுவிட்டது. ஆளுயரத்தைத் தாண்டிய, ஃப்யூஷன் இயந்திரத்தில் வைக்கும் தரத்திலான காந்தம் இந்தப் புலத்தைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

அதற்கடுத்த சோதனை இன்னும் முக்கியம். 31,500 ஆம்பியர் ஓடும்போது வேண்டுமென்றே இணைப்பைத் துண்டித்தார்கள், ஆற்றல் முழுவதும் காந்தத்துக்குள்ளேயே இறங்கட்டும் என்று. சுருளின் ஒரு மூலை உருகிச் சேதமானது. எந்த இடம், எந்த அளவு என்பது அவர்கள் கணினியில் முன்பே போட்டுப் பார்த்ததோடு பெரும்பாலும் ஒத்துப்போனது. அந்தச் சேதத்தையும் சேர்த்து 2024 மார்ச்சில் ஆறு ஆய்வுக் கட்டுரைகளாக வெளியிட்டார்கள். இதை நான் மனதார மதிக்கிறேன். அந்த எண்களால்தான் அடுத்த வடிவமைப்பு திருந்தும்.

இந்த வகைக் காந்தங்கள் பதினெட்டை வைத்து மாசசூசெட்ஸின் டெவன்ஸில் ஸ்பார்க் என்ற டோகமாக்கைக் கட்டுகிறார்கள். பிளாஸ்மாவின் நடுவில் 12.2 டெஸ்லா. பிளாஸ்மாவின் கன அளவு ஐடெரில் நாற்பதில் ஒரு பங்குதான். ஆனாலும் கணக்குப்படி 140 மெகாவாட் வரை இணைவு ஆற்றல் தரும், ஐடெரின் இலக்கு 500. நான்மடிக் கணக்கின் பலம் இப்போது புரிந்திருக்கும். 2027-ல் முதல் பிளாஸ்மா என்பது அவர்கள் அறிவித்திருக்கும் இலக்கு. ஐடெரோ 2024-ல் தன் அட்டவணையை மாற்றி, ஆய்வு ஓட்டம் 2034-லும் டியூட்டீரியம்-டிரிடியம் ஓட்டம் 2039-லும் என்று சொல்லியிருக்கிறது. சிறியதாக இருப்பதன் பெரிய லாபம் இந்த இடைவெளிதான். ஒரு தவறு தெரிந்தால் அதைத் திருத்தி இன்னொன்று கட்டிப் பார்க்க ஒரு பொறியாளரின் பணிக்காலம் போதும். இங்கிலாந்தின் டோகமாக் எனர்ஜியும் ஷாங்காயின் எனர்ஜி சிங்குலாரிட்டியும் இதே டேப்பை வைத்துத்தான் ஓடுகின்றன. ஷாங்காய்க்காரர்கள் முழுக்க ரெப்கோ சுருள்களாலான ஒரு சிறிய டோகமாக்கில் 2024-லேயே பிளாஸ்மா எழுப்பிவிட்டார்கள்.

இனி கசப்பான பகுதி. மீகடத்தியின் எல்லை இப்போது நம்மைத் தடுக்கவில்லை, எஃகின் எல்லை தடுக்கிறது. 20 டெஸ்லாவின் காந்த அழுத்தம் 1,500 வளிமண்டலத்துக்கு மேல், மரியானா அகழியின் அடியில்கூட சுமார் 1,100 தான். சுருள் தன்னைத்தானே வெளிநோக்கிப் பிளக்கப் பார்க்கும், அதைப் பிடித்து நிறுத்துவது எஃகு. இதே புலத்தை இன்னொரு மடங்கு கூட்டினால் அழுத்தம் நான்கு மடங்காகும், அதற்கான எஃகு நம்மிடம் இல்லை. அதனால் "அடுத்து 40 டெஸ்லா டோகமாக்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அடுத்தது நியூட்ரான். ஒவ்வொரு இணைவிலும் 14.1 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலோடு ஒரு நியூட்ரான் பறக்கிறது, அதற்குக் காந்தப்புலம் ஒரு பொருட்டே இல்லை. ரெப்கோவின் படிக அமைப்பை அது கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைக்கும். தொடக்கத்தில் சில சிதைவுகள் மின்னோட்டத் திறனைக் கூட்டக்கூடச் செய்யும், ஒரு அளவுக்குப் பிறகு சரிவுதான். அதனால் பிளாஸ்மாவுக்கும் சுருளுக்கும் நடுவே டிரிடியம் வளர்க்கும் போர்வையும் தடுப்புச் சுவரும் சேர்த்து ஒரு மீட்டர் அளவுக்கு இடம் வேண்டும். காந்தம் எவ்வளவு பலமானாலும் நியூட்ரானை நிறுத்த வேண்டிய அந்தக் கனம் குறையாது. மின்நிலையத்தை எவ்வளவு சிறிதாக்கலாம் என்பதை உண்மையில் முடிவு செய்வது இந்த ஒரு மீட்டர்தான். ஸ்பார்க் சில விநாடிகள் ஓடும் ஆய்வு இயந்திரம், அது இந்தத் தேர்வை எழுதவே போவதில்லை. வருடக்கணக்கில் ஓட வேண்டிய மின்நிலையம்தான் எழுத வேண்டும்.

அப்புறம் டேப். ஒரு சோதனைக் காந்தத்துக்கே 267 கிலோமீட்டர் என்றால் ஒரு முழு இயந்திரத்துக்குப் பல ஆயிரம் கிலோமீட்டர். ஜப்பான், சீனா, கொரியா, அமெரிக்கா என்று சில இடங்களில்தான் தயாராகிறது, விலை இன்னும் அதிகம். ஒவ்வொரு மீட்டரின் தரமும் ஒரே மாதிரி இருப்பதில்லை. சிலருக்கு இது சலிப்பான விஷயமாகத் தெரியலாம், என்னைக் கேட்டால் அடுத்த பத்து ஆண்டுகளின் உண்மையான போட்டி டேப் தொழிற்சாலையில்தான் நடக்கும்.

ஆக, ஐடெர் வீணா? அதன் வடிவமைப்பு முடிவானது 2001-ல், ஏழு தரப்பும் கையெழுத்திட்டது 2006-ல். அன்றைக்கு ஒரு கிலோமீட்டர் நல்ல ரெப்கோ டேப் வாங்குவதே பெரும்பாடு. அவர்கள் கையில் இருந்ததில் சிறந்ததைத் தேர்ந்தெடுத்தார்கள். ஐடெரிலும் உயர் வெப்பநிலை மீகடத்தி இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது: அறை வெப்பநிலையிலிருந்து 4 கெல்வின் சுருளுக்கு 68,000 ஆம்பியரைக் கொண்டுபோகும் இணைப்புக் கம்பங்களின் குளிர்ப் பகுதி பிஸ்மத் வகை மீகடத்தியால் ஆனது, அதுவும் செம்பாக இருந்தால் அதன் வழியே இறங்கும் சூடே குளிர்விப்பானைத் திணறடித்துவிடும். தன் சூட்டிலேயே பல நிமிடங்கள் எரியும் பெரிய பிளாஸ்மா எப்படி நடந்துகொள்ளும், போர்வைக்குள் டிரிடியம் எப்படி வளரும் என்பதற்கெல்லாம் பதில் சொல்ல அது வேண்டும். ஸ்பார்க் முந்திக்கொண்டாலும் இந்தக் கேள்விகள் எல்லாம் ஸ்பார்க்கோடு முடிந்துவிடாது.

கடைசியாக இந்தியா. காந்திநகரில் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனத்தில் எஸ்.எஸ்.டி-1 என்ற மீகடத்தி டோகமாக் இருக்கிறது, நியோபியம்-டைட்டானியம் சுருள்கள். முதலில் கட்டியபோது இணைப்புகளில் சிக்கல் வந்து, முழுவதையும் பிரித்து, ஒவ்வொரு சுருளையும் தனித்தனியாகக் குளிர்வித்துச் சோதித்து மறுபடி கட்டினார்கள். 2013-ல் முதல் பிளாஸ்மா வந்தது. அந்தக் குழு அப்போது கற்றுக்கொண்டது பாடப் புத்தகத்தில் கிடைக்காது. ஐடெரின் ஏழு தரப்புகளில் நாமும் ஒன்று. அதன் காந்தங்கள் அனைத்தையும் உள்ளே வைத்து மூடும் கிரையோஸ்டாட் என்ற எஃகுப் பாத்திரம், முப்பது மீட்டர் உயரம், 3,850 டன், சூரத் அருகே ஹசிராவில் எல் அண்ட் டி நிறுவனத்தில் துண்டு துண்டாகச் செய்து கப்பலில் போனதுதான். பெரிய எஃகு வேலையும் குளிர்விப்பு வேலையும் நமக்கு வரும் என்பது இதிலேயே தெரிகிறது. ரெப்கோ டேப்பைப் பெரிய அளவில் இங்கேயே தயாரிக்க இப்போதே இறங்க வேண்டும் என்பது என் கருத்து. மெல்லிய அடுக்குப் பூச்சு தெரிந்தவர்கள் நம் ஆய்வகங்களில் நிறைய இருக்கிறார்கள், இந்த டேப்புக்கு முதலில் வேண்டிய கைத்திறனும் அதுதான்.